அப்லோட் ஆகலையா? "முடியாது"ன்னு சொன்னது யாருன்னு முதல்ல பாருங்க

ராத்திரி பதினோரு மணிக்கு சித்தி பையன் போன் பண்றான். "அண்ணே, பேஜ் அப்லோட் ஆக மாட்டேங்குது, நாளைக்கு காலைல புராஜெக்ட் டெமோ." என்னடா எரர் வருதுன்னு கேட்டா "சிவப்பா வருதுண்ணே"ன்றான். சரி ஸ்கிரீன்ஷாட் அனுப்புடான்னா ஃபைல்சில்லாவோட (ஃபைல செர்வருக்கு அனுப்புற சாஃப்ட்வேர்) கீழ் பாதிய மட்டும் வெட்டி அனுப்பி வச்சிருக்கான், அதுல "ஃபெயில்டு டிரான்ஸ்ஃபர்ஸ் 14"ன்னு இருக்கு, அவ்ளோதான். பதினாலு ஃபைல் போகலங்கிறது தான் அவனே சொல்லிட்டானே. ஏன் போகலங்கிறது அதே ஸ்கிரீன்ல மேல ஒரு சின்ன கட்டத்துல வரி வரியா ஓடிட்டு இருக்கும், அத தான் யாரும் பாக்குறதே இல்ல.

அதுக்குள்ள அவன் என்னென்ன பண்ணிட்டான்னு கேட்டீங்கன்னா, ஃபைல்சில்லாவ அழிச்சிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணியாச்சு, ரூம்மேட் லேப்டாப்ல போட்டு பாத்தாச்சு, வைஃபைய விட்டுட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியாச்சு, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணியாச்சு. எல்லாமே அவன் பக்கத்துல. ஆனா "முடியாது"ன்னு சொன்னது அவன் லேப்டாப் இல்லையே, அந்தப் பக்கம் இருக்குற செர்வர். அங்க போய் பாக்காம இங்க எத்தன தடவ மாத்துனாலும் அதே பதினாலு தான் வரும்.

இந்தக் கட்டுரை புதுசா வெப்சைட் போட ஆரம்பிச்சவங்களுக்கு. அப்லோட்ங்கிறது நாம பட்டன அமுக்குறப்ப ஒரே வேலையா தெரியுது, ஆனா உள்ள அது நாலஞ்சு பேர் கை மாறி போற விஷயம். செர்வர்ல ஃபைல வாங்குற எஃப்டிபி இல்லன்னா பேஜ காட்டுற வெப் புரோகிராம் (அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் மாதிரி) ஒருத்தர், அதுக்கு பின்னாடி நின்னு பேஜ தயாரிக்கிற பிஎச்பி மாதிரி ஒருத்தர், நடுவுல யார உள்ள விடலாம்னு பாக்குற ஃபயர்வால், கடைசில மெஷினையே நடத்துற லினக்ஸ். இதுல யார் வேணா மறுக்கலாம், ஒவ்வொருத்தரும் மறுக்குற பாஷ வேற. அந்த பாஷய படிக்க தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சுது.

எஃப்டிபில இருந்து ஆரம்பிப்போம். ஒவ்வொரு கட்டளைக்கும் செர்வர் மூணு இலக்க நம்பர் ஒன்ன பதிலா அனுப்பும். நம்ம பின்கோட் மாதிரி தான் அது, 6ன்னு ஆரம்பிச்சா தமிழ்நாடு கேரளா பக்கம்னு முதல் இலக்கத்துலயே தெரிஞ்சிடும்ல, அந்த மாதிரி இங்கயும் முதல் இலக்கம் 2ன்னா வேல முடிஞ்சுது, 4ன்னா இப்ப முடியல அப்பறம் வா, 5ன்னா முடியவே முடியாது போ. இது நிறைய பேருக்கு தெரியும். தெரியாதது ரெண்டாவது இலக்கம். அது 2ன்னா கனெக்ஷன் சமாச்சாரம், 3ன்னா லாகின் சமாச்சாரம், 5ன்னா ஃபைல் சிஸ்டம். 1985ல வந்த ஆர்எஃப்சி 959ங்கிற ஆவணத்துல இது அப்படியே எழுதி வச்சிருக்கு, இன்னைக்கும் செர்வருங்க அத தான் பின்பற்றுது. அதனால 530ன்னு வந்தா பாஸ்வேர்டையும் யூசர் பேரையும் பாருங்க, வேற எதையும் தொடாதீங்க. 425ன்னு வந்தா பாஸ்வேர்டு சரியா தான் இருக்கு, கனெக்ஷன் திறக்கல. 550, 552, 553ன்னு வந்தா நீங்க உள்ள போயாச்சு, ஃபைல வைக்கிற இடத்துல தான் தகராறு.

இதுலயே இன்னும் நுணுக்கமா ஒன்னு இருக்கு. விஎஸ்எஃப்டிபிடின்னு லினக்ஸ்ல பரவலா ஓடுற ஒரு எஃப்டிபி செர்வர். அதுல "550 பெர்மிஷன் டினைடு"ன்னு வர்றதும் "553 குட் நாட் கிரியேட் ஃபைல்"னு வர்றதும் பாக்க ஒன்னு மாதிரி இருக்கும், ரெண்டுமே அனுமதி இல்லன்னு தான் சொல்லுது. ஆனா அப்லோட் பண்றப்ப 550 வந்தா அனேகமா மறுத்தது விஎஸ்எஃப்டிபிடி தானே, ஏன்னா அதோட கான்ஃபிக்ல ரைட் எனேபிள்ங்கிற செட்டிங் ஆரம்பத்துலயே "நோ"ல தான் இருக்கும், யாராவது "எஸ்"னு மாத்துனா தான் எழுத விடும். 553 வந்தா விஎஸ்எஃப்டிபிடி சரின்னு தான் சொன்னது, ஃபைல உருவாக்க போனப்ப லினக்ஸ் தடுத்துடுச்சு. முதல்ல சொன்னதுக்கு கான்ஃபிக் ஃபைல திருத்தணும், ரெண்டாவதுக்கு ஃபோல்டரோட உரிமைய திருத்தணும். இது தெரியாம 553க்கு கான்ஃபிக்க நோண்டிட்டு ஒரு நாள் ஓட்டுனவங்கள எனக்கு தெரியும், அதுல நானும் ஒருத்தன்.

சித்தி பையன் கேஸுக்கு வருவோம். அவன் வச்சிருந்தது கிளவுட்ல எடுத்த ஒரு உபுண்டு (லினக்ஸ்ல ஒரு வகை) மெஷின், எஃப்டிபி இல்ல எஸ்எஃப்டிபி, அதாவது எல்லாத்தையும் மறைச்சு அனுப்புற வேற முறை, 22ஆம் போர்ட்ல (போர்ட்னா மெஷினோட நம்பர் போட்ட கதவு) போறது. மேல் கட்டத்த அனுப்பச் சொன்னதுக்கு அப்பறம் வந்த வரி என்னன்னா ஃபைல் பாத்த சொல்லிட்டு "ஓப்பன் ஃபார் ரைட்: பெர்மிஷன் டினைடு". எழுதுறதுக்காக திறக்க பாத்தேன், விடலன்னு அர்த்தம். இதுல சொன்னது லினக்ஸ், சந்தேகமே வேண்டாம்.

புதுசா கிளவுட் மெஷின் எடுத்து அப்பாச்சி போட்டா வெப் பேஜ் எல்லாம் இருக்க வேண்டிய இடம் வார், அதுக்குள்ள டபிள்யூடபிள்யூடபிள்யூ, அதுக்குள்ள எச்டிஎம்எல்ங்கிற ஃபோல்டர். இந்த ஃபோல்டர உருவாக்குனது இன்ஸ்டால் பண்ணுன ரூட், அதாவது மெஷினோட எல்லா அதிகாரமும் உள்ள யூசர், அதனால ஓனரும் ரூட். நீங்க லாகின் பண்றது உபுண்டுங்கிற யூசரா. எல்எஸ் கமாண்டுக்கு ஹைஃபன் எல்டி போட்டு அந்த ஃபோல்டர பாத்தா 755ங்கிற உரிமைய எழுத்தா காட்டும், பக்கத்துல ரூட் ரூட்னு ரெண்டு தடவ இருக்கும். 755ன்னா என்னன்னா, 4 படிக்கிறதுக்கு, 2 எழுதுறதுக்கு, 1 ஃபோல்டருக்குள்ள நுழையிறதுக்கு. முதல் இலக்கம் ஓனருக்கு, 7ன்னா மூணும் உண்டு. ரெண்டாவது குரூப்புக்கு, மூணாவது ஊருக்கெல்லாம், அவங்களுக்கு 5, அதாவது 4 கூட்டல் 1, படிக்கலாம் நுழையலாம் எழுத முடியாது. உபுண்டு யூசர் இங்க ஊர்ல ஒருத்தர் தான். ரெண்டு மாசமா வாடக கட்டுறது நீங்கன்னாலும் அந்த ஃபோல்டர் உங்களுது இல்ல.

இன்னொன்னும் இங்கயே சொல்லிடறேன், புது ஃபைல் ஒன்ன ஒரு ஃபோல்டருக்குள்ள வைக்க வேண்டிய உரிம ஃபோல்டர் மேல, ஃபைல் மேல இல்ல. லேப்டாப்ல ஃபைலோட ப்ராப்பர்ட்டீஸ்ல போய் ரீட் ஒன்லிய எடுத்துட்டு திரும்ப அப்லோட் பண்றவங்க நிறைய பேர், அதால ஒன்னும் ஆகாது.

இதுக்கு நெட்ல தேடுனா முதல்ல கிடைக்கிற வைத்தியம் 777. உரிமைய மாத்துற சிஎச்மோட் கமாண்டால 777 போடு, எல்லாம் சரியாயிடும். ஆமா சரியாயிடும், வீட்டு சாவி தொலைஞ்சிடுச்சேன்னு கதவையே கழட்டி வச்சா உள்ள போறது ஈசியா தான் இருக்கும். அந்த மெஷின்ல ஓடுற எந்த புரோகிராமும், உங்க சைட்ல இருக்குற ஏதோ ஒரு ஓட்ட பிளகின் வழியா வந்தவனும் கூட அதுல எழுதலாம். இது போக சில ஷேர்டு ஹோஸ்டிங்ல (ஒரே செர்வர பல சைட் பங்கு போட்டுக்கிறது) எல்லாரும் எழுதலாம்னு இருக்குற பிஎச்பி ஃபைல ஓட்டவே மாட்டாங்க, 777 போட்ட உடனே பிரவுசர்ல 500 எரர் (செர்வர் உள்ள கோளாறு; இது வெப்போட நம்பர், எஃப்டிபி கணக்கு இதுக்கு செல்லாது) வரும், அப்ப ஒரு பிரச்சன ரெண்டாகும். சரியான வழி ஓனர மாத்துறது தான், சூடோ (ரூட் அதிகாரத்துல ஓட்டுற கமாண்டு) போட்டு சிஎச்ஓன் கமாண்டால அந்த ஃபோல்டர உபுண்டு பேருக்கு எழுதி வச்சிடுங்க, உள்ள இருக்குறதுக்கும் சேத்து மாத்த பெரிய ஆர் போடணும். 755 அப்படியே இருக்கட்டும். வெப் செர்வர் ஊர்ல ஒருத்தரா வந்து படிச்சிட்டு போகும், அதுக்கு அது போதும். அன்னைக்கு அவன்கிட்ட போன்லயே எழுத்து எழுத்தா சொல்லி டைப் பண்ண வச்சேன், பதினாலும் அரை நிமிஷத்துல போயிடுச்சு.

இத பாத்துட்டு சில பேர் எதுக்கு வம்புன்னு வெப் ரூட்டையே (வெப் செர்வர் பேஜ தேடுற ஃபோல்டர்) தங்களோட ஹோம் ஃபோல்டருக்கு மாத்திப்பாங்க, அங்க எழுத உரிம இருக்கே. அப்லோட் ஆகும், ஆனா பிரவுசர்ல 403 (பாக்க அனுமதி இல்ல) வரும். உபுண்டு 21.04ல இருந்து புது யூசரோட ஹோம் ஃபோல்டர் 750ல தான் உருவாகுது, அந்த கடைசி பூஜ்ஜியம் ஊருக்கு உள்ள நுழையவே அனுமதி இல்லன்னு சொல்லுது, வெப் செர்வரும் வாசல்லயே நிக்கும். ரெட்ஹேட் வகை லினக்ஸ்ல இன்னொரு காவல்காரர் எஸ்ஈலினக்ஸ்னு, அவர் ஒவ்வொரு ஃபைல் மேலயும் ஒரு லேபிள் ஒட்டி வச்சிருப்பார். ஹோமுக்கு அப்லோட் பண்ணிட்டு அங்கிருந்து எம்வி கமாண்டால வெப் ஃபோல்டருக்கு நகத்துனா பழைய லேபிளோடயே போகும், ஓனர் சரி நம்பர் சரி ஆனாலும் 403. ரெஸ்டோர்கான்னு ஒரு கமாண்டு இருக்கு, பெரிய ஆர் போட்டு அந்த ஃபோல்டர் மேல ஒரு தடவ ஓட்டுனா உள்ள இருக்குறதுக்கும் சேத்து லேபிள மாத்தி ஒட்டிடும்.

அடுத்தது, எஃப்டிபில லாகின் எல்லாம் அழகா ஆகும், வெல்கம் கூட சொல்லும், அப்பறம் ஃபோல்டர் லிஸ்ட் வராம அப்படியே நிக்கும், இருபது செகண்ட் கழிச்சு டைம் அவுட். இது ஏன்னு புரியணும்னா எஃப்டிபியோட வயச தெரிஞ்சுக்கணும். 1971ல எழுதுனது, எழுதுனவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியோட முதல் பேட்ச்ல படிச்சிட்டு அமெரிக்கால எம்ஐடிக்கு போனவர். அப்ப ஃபயர்வாலும் கிடையாது, ஒரே ஐபி அட்ரஸுக்கு பின்னாடி பத்து மெஷின் ஒளிஞ்சிருக்குற ஏற்பாடும் கிடையாது. அதனால எஃப்டிபி பேசுறதுக்கு ஒரு கனெக்ஷன், சாமான் கொண்டு போக தனியா இன்னொரு கனெக்ஷன்னு ரெண்டு வச்சுக்கும். பேசுறது 21ஆம் போர்ட்ல. சாமானுக்கு எந்த போர்ட்னு ஒவ்வொரு தடவயும் புதுசா முடிவு பண்ணிப்பாங்க.

மேல் கட்டத்துல 227ன்னு ஆரம்பிக்கிற ஒரு வரி வரும், என்டரிங் பாசிவ் மோட்னு சொல்லிட்டு ஆறு நம்பர் குடுக்கும், உதாரணமா (172,31,5,20,195,80). முதல் நாலு ஐபி அட்ரஸ். கடைசி ரெண்டு போர்ட், அத கணக்கு போட்டு தான் எடுக்கணும், 195ஐ 256ஆல பெருக்கி 80ஐ கூட்டுங்க, 50000 வரும். அதாவது செர்வர் சொல்லுது, "சாமான எடுத்துக்கிட்டு 172.31.5.20ல 50000ஆம் கதவுக்கு வா". இந்த ஒரு வரில ரெண்டு தப்பு நடக்கலாம். ஒன்னு, 50000ஆம் கதவ ஃபயர்வால் பூட்டி வச்சிருக்கும், ஏன்னா நீங்க ஃபயர்வால்ல 21 மட்டும் தான் திறந்தீங்க. ரெண்டாவது, 172.31ன்னு ஆரம்பிக்கிற அட்ரஸ் கிளவுட் கம்பெனியோட உள் தெரு அட்ரஸ், வெளில இருந்து யாரும் அங்க போக முடியாது. நம்ம வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட "பூஜை ரூமுக்கு அடுத்த ரூம்"னு அட்ரஸ் குடுத்தா எப்படி, தெரு பேர் யார் சொல்றது. ஃபைல்சில்லா கொஞ்சம் கெட்டிக்காரத்தனமா இந்த அட்ரஸுக்கு போக முடியாது போல, நான் செர்வரோட அட்ரஸையே வச்சுக்கிறேன்னு ஒரு வரி சொல்லிட்டு சமாளிக்கும், எல்லா சாஃப்ட்வேரும் அப்படி சமாளிக்காது.

சரி பண்ண விஎஸ்எஃப்டிபிடி கான்ஃபிக்ல மூணு வரி, பாசிவ் போர்ட் எங்க ஆரம்பிக்கணும், எங்க முடியணும், வெளி அட்ரஸ் என்ன. 50000ல இருந்து 50050ன்னு ஒரு சின்ன வரிச குடுத்துட்டு அதே வரிசய ஃபயர்வால்லயும் திறந்து விடுங்க, கிளவுட்ல அவங்க பேனல்ல தனியா ஒரு ஃபயர்வால் இருக்கும் அங்கயும் தான். என்ன கேட்டீங்கன்னா இத்தன பாடு படுறதுக்கு எஸ்எஃப்டிபிக்கு மாறிடுங்க, ஒரே போர்ட், பாஸ்வேர்டும் மறைச்சு போகும், எஃப்டிபில பாஸ்வேர்டு அப்பட்டமா போகுது. குரோமும் ஃபயர்பாக்ஸும் 2021லயே எஃப்டிபிய தூக்கிட்டாங்க. ஆனா ஷேர்டு ஹோஸ்டிங் காரங்க இன்னும் எஃப்டிபி தான் குடுக்குறாங்கங்கிறதால இது தெரிஞ்சு தான் ஆகணும்.

இப்ப பிரவுசர் வழியா ஏத்துறது. அட்மின் பேஜ்ல "சூஸ் ஃபைல்"னு இருக்கும், அமுக்குனா ஃபெயில். இது அனேகமா சைஸ்.

ஒரு ஜவுளிக்கடைக்கு சைட் பண்ணி குடுத்தேன், அட்மின் ஃபார்ம் நானே பிஎச்பில எழுதுனது. தீபாவளிக்கு முன்னாடி கடைக்காரர் 7 எம்பில ஒரு பட்டுப் புடவ கேட்டலாக் பிடிஎஃப் ஏத்துறார், ஏறல. "தம்பி, உங்க சைட் பெரிய ஃபைல சாப்பிட மாட்டேங்குது"ன்னார். நான் உடனே பிஎச்பி கான்ஃபிக்க திறந்து அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்ங்கிற செட்டிங்க (நடுவுல ஸ்பேஸ் வராது, அண்டர்ஸ்கோர் தான்) 2ல இருந்து 64 ஆக்கிட்டு அவர்கிட்ட இப்ப பாருங்கண்ணேன்னேன். அதே எரர். எரர் என்னன்னு அப்பறம் தான் பாத்தேன், 413, அதாவது அனுப்புனது ரொம்ப பெருசு, கீழ சின்னதா என்ஜின்எக்ஸ்னு கையெழுத்து போட்டிருக்கு. பிஎச்பி பாவம் அந்த ஃபைல கண்ணால கூட பாக்கல. என்ஜின்எக்ஸ்ல கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்னு ஒரு அளவு, யாரும் எதுவும் எழுதலன்னா அது வெறும் 1 எம்பி. இப்ப இருக்குற போன்ல எடுக்குற ஒரு போட்டோவே அதுக்கு மேல வரும்.

அத 64 ஆக்கி ரீலோட் பண்ணுனேன். இப்ப எரர் மாறிடுச்சு, பிஎச்பி 1ன்னு ஒரு கோட் குடுக்குது. பிஎச்பி அப்லோட் எரர்ல 1ன்னா கான்ஃபிக்ல இருக்குற அளவ தாண்டிடுச்சு, 3ன்னா பாதி தான் வந்துச்சு, 4ன்னா ஃபைலே செலக்ட் பண்ணல, 6ன்னா டெம்பரரி ஃபோல்டர் இல்ல, 7ன்னா டிஸ்க்ல எழுத முடியல. 5 கிடையவே கிடையாது, வரிசைல அத விட்டுட்டாங்க. சரி நான் தான் 64 ஆக்கிட்டேனேன்னு மண்டைய பிச்சுக்கிட்டு பாத்தா நான் திருத்துனது கமாண்டு லைன்ல ஓடுற பிஎச்பியோட கான்ஃபிக். உபுண்டுல ரெண்டுக்கும் தனித்தனி ஃபைல், பேர் ஒன்னு, ஃபோல்டர் வேற. வெப்ல ஓடுறது எஃப்பிஎம் (வெப் செர்வருக்காக பிஎச்பிய ஓட்டுற புரோகிராம்) ஃபோல்டர்ல இருக்குற ஃபைல். பிஎச்பிஇன்ஃபோன்னு ஒரு வரி போட்டு ஒரு பேஜ் வச்சு பிரவுசர்ல திறந்தா எந்த கான்ஃபிக் ஃபைல அது படிச்சிட்டு இருக்குன்னு மேலயே சொல்லிடும், இத முதல்லயே பண்ணியிருக்கணும். பாத்த உடனே அந்த பேஜ அழிச்சிடுங்க, உங்க செர்வர் ஜாதகமே அதுல இருக்கு.

சரியான ஃபைல திருத்தி எஃப்பிஎம்ம ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. கேட்டலாக் ஏறிடுச்சு. மறுநாள் அவர் 11 எம்பில இன்னொரு கேட்டலாக் ஏத்துறார், இந்த தடவ எரரே இல்ல! ஃபார்ம் அப்படியே வெறுமையா திரும்ப வருது, "புடவ வகை பெயர் குடுக்கவும்"னு கேக்குது, அவர் குடுத்து தான் இருக்கார். இது தான் இருக்குறதுலயே கேடியான பிரச்சன. போஸ்ட் மேக்ஸ் சைஸ்னு இன்னொரு அளவு இருக்கு, அது ஆரம்பத்துல 8 எம்பி, ஃபைலும் ஃபார்ம்ல இருக்குற மத்த எழுத்தும் சேந்து மொத்தமா எவ்ளோ வரலாம்ங்கிறது. அத தாண்டுனா பிஎச்பி ஃபார்ம்ல வந்த எல்லாத்தையும் தூக்கி கீழ போட்டுட்டு ஒன்னுமே வரலங்கிற மாதிரி உங்க புரோகிராம ஓட விடும். ஃபைல் கோட் கூட வராது, லாக்ல (செர்வர் எழுதி வைக்கிற குறிப்பேடு) தான் ஒரு வரி இருக்கும். ஃபைல விட மொத்தம் பெருசா தான் இருக்கும்ங்கிறதால போஸ்ட் அளவ அப்லோட் அளவ விட கொஞ்சம் கூட வைக்கணும், என்ஜின்எக்ஸ் அளவ அதுக்கு சமமாவோ கூடவோ வைக்கணும்.

இதுல ஒரு கண்ணி இருக்கு, நம்பர் எழுதுறப்ப 64ன்னு போட்டு பெரிய எம் ஒரே எழுத்து தான், எம்பின்னு ரெண்டு எழுத்து எழுதுனீங்கன்னா பிஎச்பிக்கு கடைசி எழுத்து புரியாம 64 பைட்டுன்னு எடுத்துக்கும். 64 பைட்டுல ஒரு திருக்குறள் கூட ஏறாது, ஏன்னா ஒரு தமிழ் எழுத்துக்கே மூணு பைட்டு வேணும்.

யார் தடுத்தாங்கன்னு எரர் படிக்காமலே ஓரளவு ஊகிக்கலாம். அப்லோட் அமுக்குன உடனே பட்டுன்னு மறுத்தா, இல்ல கனெக்ஷன் ரீசெட்னு பிரவுசர் சொன்னா, அனேகமா என்ஜின்எக்ஸ், ஏன்னா வர்ற ஃபைல் எவ்ளோ பெருசுன்னு தலைப்புலயே எழுதியிருக்கும், அத பாத்தே திருப்பி அனுப்பிடும். நூறு சதவீதம் ஓடி முடிச்சிட்டு அப்பறம் மறுத்தா பின்னாடி இருக்குற பிஎச்பி, ஏன்னா சாதாரணமா என்ஜின்எக்ஸ் முழுசா வாங்கி வச்சுட்டு தான் பிஎச்பி கைல குடுக்கும். நூறு ஓடுனதுக்கு அப்பறம் ஒரு நிமிஷம் சுத்திட்டு 504ன்னு வந்தா பின்னாடி உள்ளவர் வேலைய முடிக்காம இழுத்துட்டாருன்னு அர்த்தம், என்ஜின்எக்ஸ் 60 செகண்ட் தான் பொறுக்கும். உங்க செர்வருக்கு முன்னாடி நின்னு வாங்கி அனுப்புற கிளவுட்ஃப்ளேர் சேவையோட இலவச பிளான் போட்டிருந்தா 100 எம்பிக்கு மேல அங்கயே 413, உங்க செர்வருக்கு தகவலே வராது, அப்ப உங்க லாக்ல எதுவும் இருக்காதுங்கிறதே ஒரு துப்பு. அப்பாச்சில ரொம்ப நாளா அளவே இல்லாம இருந்துச்சு, 2.4.54ல இருந்து 1 ஜிபின்னு வச்சிருக்காங்க, வீடியோ ஏத்துறவங்க தவிர மத்தவங்கள அது தொடாது. ஷேர்டு ஹோஸ்டிங்ல மெயின் கான்ஃபிக்ல கை வைக்க முடியாது, பதிலா சைட் ஃபோல்டர்ல டாட் யூசர் டாட் ஐஎன்ஐன்னு ஒரு ஃபைல் வச்சு அதுல எழுதலாம். எழுதிட்டு அஞ்சு நிமிஷம் பொறுங்க, பிஎச்பி அத 300 செகண்டுக்கு ஒரு தடவ தான் திரும்ப படிக்கும், உடனே வரலன்னு திரும்ப திரும்ப மாத்தாதீங்க. இதே வரிய டாட் எச்டிஆக்சஸ்ல (அப்பாச்சியோட செட்டிங் ஃபைல்) எழுதச் சொல்லி பழைய டுட்டோரியல் நிறைய சுத்துது, பிஎச்பி எஃப்பிஎம்ல ஓடுற இடத்துல அப்படி எழுதுனா மொத்த சைட்டும் 500 ஆயிடும்.

பேர் மட்டும் போய் உள்ள 0 பைட்டா கிடந்தா டிஸ்க் நிறைஞ்சிருக்கான்னு பாருங்க. டிஎஃப் கமாண்டுல இடம் இருக்குன்னு காட்டுனாலும் ஹைஃபன் ஐ போட்டு இன்னொரு தடவ பாருங்க, ஃபைல் எண்ணிக்கைக்குன்னு தனி வரம்பு இருக்கு, குட்டி குட்டியா லட்சக்கணக்குல கேஷ் ஃபைல் சேந்தா இடம் இருந்தும் புது ஃபைல் ஒன்னு வைக்க முடியாது.

ஒரு பேஜ் மட்டும் 403 வாங்கிட்டு மத்ததெல்லாம் ஒழுங்கா சேவ் ஆச்சுன்னா அது பெர்மிஷன் இல்ல, உள்ளடக்கம். மாட்செக்யூரிட்டின்னு ஒரு காவல் சில ஹோஸ்டிங்ல இருக்கும், நீங்க எழுதுன பாடத்துல டேட்டாபேஸ் கட்டள ஏதாவது உதாரணமா இருந்தா கூட யாரோ தாக்குறாங்கன்னு நெனச்சு தடுத்துடும். அத நீங்களா ஆஃப் பண்ண பல இடத்துல வழி இருக்காது, ஹோஸ்டிங் காரங்ககிட்ட அந்த ஒரு விதிய மட்டும் தளர்த்தச் சொல்லி கேக்கணும்.

தமிழ்ல பேர் வைக்கிறவங்களுக்குன்னே ஒரு பிரச்சன இருக்கு. லினக்ஸ்ல ஃபைல் பேர் 255 பைட்டுக்குள்ள இருக்கணும். தமிழுக்கு மூணு மூணா போனா 85 தான் வரும், அதுலயும் "பு"ன்னா ப ஒன்னு, உகரக் கொம்பு ஒன்னுன்னு ரெண்டா கணக்கு. விண்டோஸ்ல கணக்கு வேற மாதிரிங்கிறதால கட்டுரையோட முழு தலைப்பையும் ஃபைல் பேரா வச்சா லேப்டாப்ல சேவ் ஆகும், செர்வர் பேர் நீளம்னு துப்பிடும். அதே மாதிரி "கொ"ல க பக்கத்துல சேர்றத ஒரே குறியாவும் அடிக்கலாம், ஒத்தக் கொம்பும் காலும் தனித்தனியாவும் சேக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒன்னு தான், செர்வருக்கு வேற வேற ஃபைல். ஃபைல் அங்கயே இருக்கும், 404 வரும். தலைப்பு தமிழ்ல இருக்கட்டும், ஃபைல் பேர மட்டும் சின்ன ஆங்கில எழுத்துல வைங்க, எனக்கும் மனசு கேக்கல தான்.

அந்த 404ல இருந்து இன்னொரு கதையும் ஞாபகம் வருது, அப்லோட் நல்லா முடிஞ்சு 226ன்னு சந்தோஷமா சொல்லியும் சைட்ல பழைய பேஜே வர்றது. எஃப்டிபில நுழைஞ்ச உடனே தெரியிற இடத்துல போட்டிருப்பீங்க, பேஜ் போக வேண்டியது அதுக்குள்ள இருக்குற பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டர். இல்லன்னா இன்டெக்ஸ்ங்கிற ஃபைல் பேரோட முதல் எழுத்து கேப்பிடல் "ஐ" ஆ இருக்கும், விண்டோஸுக்கு ரெண்டும் ஒன்னு, லினக்ஸுக்கு இல்ல. இல்லன்னா நீங்க ஏத்துனது இன்டெக்ஸ் டாட் பிஎச்பி, அங்க ஏற்கனவே அப்பாச்சியோட வரவேற்பு பேஜ் இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்ங்கிற பேர்ல உக்காந்திருக்கும், உபுண்டுல ரெண்டும் இருந்தா எச்டிஎம்எல்லுக்கு தான் முதல் மரியாத. அத அழிங்க, வந்துடும்.

எதுவுமே புரியலன்னா நான் பண்றது இது. நோட்பேட்ல "வணக்கம்"னு ஒரு வார்த்த எழுதி சோதனைக்கு ஒரு ஃபைல் ஏத்துவேன். அது போனா லாகின், பெர்மிஷன், கனெக்ஷன் மூணும் சரி, பிரச்சன உங்க ஃபைலோட சைஸ்லயோ பேர்லயோ உள்ளடக்கத்துலயோ இருக்கு. அதுவே போகலன்னா உங்க ஃபைல மறந்துட்டு செர்வர பாருங்க. அப்பறம் செர்வர்ல எரர் லாக்க டெயில் கமாண்டுக்கு ஹைஃபன் எஃப் போட்டு திறந்து வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் அப்லோட் அமுக்குவேன், அந்த நொடில புதுசா ஒரு வரி விழும். அதுல பெர்மிஷன் டினைடுக்கு பக்கத்துல 13ன்னு இருந்தா லினக்ஸ் சொன்னது, நோ ஸ்பேஸுக்கு பக்கத்துல 28ன்னு இருந்தா டிஸ்க்.

ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்கு எழுத வேண்டி வந்தா "அப்லோட் ஆகல, அவசரம்"னு எழுதாதீங்க, அவங்க திருப்பி கேஷ கிளியர் பண்ணுங்கன்னு எழுதுவாங்க, ஒரு நாள் போயிடும். எத்தன மணிக்கு பண்ணுனீங்க, எந்த ஃபோல்டர், எந்த யூசர், ஃபைல் சைஸ், வந்த எரர் வரி எழுத்து மாறாம, அந்த "வணக்கம்" ஃபைல் போச்சா போகலையா, இத எல்லாம் எழுதுங்க. மணி ரொம்ப முக்கியம், அவங்க லாக்ல தேடுறது அத வச்சு தான், இந்திய நேரம்னும் சேத்து எழுதுங்க, செர்வர் பெரும்பாலும் யுடிசில (உலகப் பொது நேரம்) ஓடும், அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கும்.

சித்தி பையன் போன வாரம் திரும்ப கூப்புட்டான். "அண்ணே, 413, கீழ என்ஜின்எக்ஸ்னு போட்டிருக்கு"ன்னான். அப்பறம் அவனே "சரி சரி, நான் பாத்துக்கிறேன்"னு வச்சிட்டான்.